கம்பத்துக்குப் பின்னால் நின்ற குதிரை

முன்னொரு காலத்தில், பெரிய ஏரி ஒன்றின் கரையில் தலைநகரம் கட்டிக்கொண்டு ஓர் அரசர் ஆண்டுவந்தார். பட்டாடை, பாட்டு, பலகாரம் எதிலும் அவருக்கு அவ்வளவு பிரியம் இல்லை. குதிரைப் பந்தயம் என்றால் மட்டும் உயிர். அறுவடை முடிந்ததும் ஆண்டுதோறும் பந்தயம் நடக்கும். ஏரிக்கரையில் ஒரு கொடிக்கம்பம் உண்டு. கம்பத்துக்குச் சற்று முன்னால் குதிரைகள் வரிசையாக நிற்கும். எக்காளம் ஊதியதும் புறப்பட்டு, ஏரியை ஒரு சுற்றுச் சுற்றி வந்து அந்தக் கம்பத்தைக் கடக்கவேண்டும்.

அரசருடைய குதிரையின் பெயர் முகிலி. கறுப்புப் பெண்குதிரை. அதை ஓட்டியவன் சாத்தையா. அந்த இருவரும் சேர்ந்து தோற்றதே கிடையாது. ஆனால் அந்த ஆண்டு தோற்றுப்போனார்கள். குதிரைப்படை அதிகாரி வீரமார்த்தாண்டரின் வெள்ளைக் குதிரை ஒரு தலை நீளத்தில் முந்திவிட்டது.

அரசருக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல.

"ஓட்டத் தெரியாதவனை நாடு கடத்துங்கள். ஓடத் தெரியாத குதிரையைச் செக்கில் பூட்டுங்கள்!" என்று சபையில் ஆணையிட்டுவிட்டார்.

அந்தச் சபையில் வாஞ்சியப்பன் என்று ஒரு விகடகவி இருந்தான். எந்த நேரமும் அரசரைச் சிரிக்கவைக்கிறவனுக்கு அன்று விகடம் வரவில்லை. அதற்குக் காரணம் உண்டு. முந்தின ஐப்பசியில் அவன் மனைவி பிரசவ வலியில் துடித்தபோது ஊரை ஒட்டிய ஆறு கரைபுரண்டு ஓடியது. மருத்துவச்சி இருந்ததோ அக்கரையில். ஓடக்காரர்கள் கையை விரித்துவிட்டார்கள். சாத்தையாதான் யாரும் கேட்காமலே முகிலியோடு வெள்ளத்தில் இறங்கி, அந்த அம்மாளைக் குதிரைமேல் ஏற்றிக்கொண்டு வந்து சேர்த்தான். தாயும் பிள்ளையும் பிழைத்தார்கள். அன்று முதல் வாஞ்சியப்பனின் மனைவி வாரந்தவறாமல் முகிலிக்கு ஒரு கூடை அறுகம்புல் அனுப்பிவருகிறாள்.

வாஞ்சியப்பன் எழுந்து கைகூப்பினான்.

"அரசே, பிழை ஓட்டியவனிடமும் இல்லை, ஓடிய குதிரையிடமும் இல்லை. நின்ற இடத்தில் இருக்கிறது. அதிகாரியின் குதிரை ஏரியை ஒட்டி உள்பக்கம் நின்றது. அதற்குச் சுற்றுக் குறைவு. முகிலியை வெளிக்கோடியில், குளம்பு புதையும் சேற்றில் நிறுத்தினார்கள். அவ்வளவு தூரம் கூடுதலாக ஓடியும் ஒரு தலை நீளத்தில்தானே தோற்றது?"

இடங்களைப் பங்கிட்டவர் வீரமார்த்தாண்டர்தான். அரசர் எதற்கெடுத்தாலும் வாஞ்சியப்பனைக் கூப்பிடுவதில் அவருக்கு வெகுநாளாக வயிற்றெரிச்சல் வேறு. அவர் உரக்கச் சிரித்தார்.

"ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்! நல்ல குதிரையும் நல்ல வீரனும் எங்கே நின்றாலும் வெல்வார்கள், அரசே. இடந்தான் வெல்லும் என்றால் இவரே ஓட்டிக் காட்டட்டும். மடைப்பள்ளிக்கு விறகு சுமக்கிறதே பொரியன், அந்தக் கிழட்டுக் குதிரைமேல் ஏறட்டும்!"

சபையினர் வாய்விட்டுச் சிரித்தார்கள். வாஞ்சியப்பன் அதுவரை கழுதைமேல்கூட ஏறியதில்லை. அரசருக்கு இந்த வேடிக்கை பிடித்துப்போயிற்று.

"வாஞ்சியப்பா, நாளை மறுபடியும் பந்தயம். நீ வென்றால் சாத்தையாவையும் முகிலியையும் விட்டுவிடுகிறேன். தோற்றால் அவனோடு நீயும் எல்லை தாண்டவேண்டியதுதான். சம்மதமா?"

வாஞ்சியப்பனுக்குக் கைக்குழந்தையும் மனைவியும் கண்முன் வந்தார்கள். அந்த இரண்டு உயிரும் யாரால் இருக்கின்றன என்பதும் கூடவே வந்தது.

"சம்மதம் அரசே. எனக்கு எந்த இடம்?"

"எல்லோருக்கும் பின்னால்!" என்று முந்திக்கொண்டார் வீரமார்த்தாண்டர்.

"பின்னால் என்றால்... கொடிக்கம்பத்துக்கும் பின்னாலா?" அழாக்குறையாகக் கேட்டான் வாஞ்சியப்பன்.

"ஆமாம், கம்பத்துக்கும் பின்னால்தான்!"

"அப்படியே ஆகட்டும். விதியை மட்டும் மன்னர் திருவாயால் சொல்லிவிட வேண்டும்."

"விதியில் என்ன மாற்றம்?" என்றார் அரசர். "எக்காளம் ஊதியபின் எவன் குதிரை முதலில் கொடிக்கம்பத்தைக் கடக்கிறதோ அவனே வென்றவன்."

மறுநாள் காலையில் ஏரிக்கரையில் எள் போட்டால் எள் விழாத கூட்டம். காவலர் நடுவே கைகள் கட்டப்பட்டுச் சாத்தையா நின்றான். வாஞ்சியப்பனை இரண்டு பேர் தூக்கிப் பொரியன்மேல் வைத்ததைப் பார்த்ததும் அவனுக்குக் கண் கலங்கிவிட்டது.

"எதுக்குங்க சாமி எனக்காக இந்த வம்பு? நான் ஒண்டிக்கட்டை, எங்கிட்டாச்சும் போய்ப் பொழைச்சுக்குவேன். நீங்க புள்ளகுட்டிக்காரரு."

"அந்தப் புள்ள இருக்கிறதே உன்னாலதானப்பா. சும்மா இரு" என்றான் வாஞ்சியப்பன்.

எக்காளம் ஊதியது. குதிரைகள் புழுதியைக் கிளப்பிக்கொண்டு பாய்ந்தன. எல்லாவற்றுக்கும் முன்னால் வீரமார்த்தாண்டரின் வெள்ளைக் குதிரை பறந்தது.

வாஞ்சியப்பனுக்கும் கம்பத்துக்கும் நடுவே நாலடி தூரம்தான். பொரியன் இரண்டு எட்டு வைத்துக் கம்பத்தைத் தாண்டினால் போதும் என்றுதான் அவன் கணக்கு. ஆனால் பொரியன் அசையவில்லை. "போடா ராஜா" என்று கெஞ்சினான். "ஹை ஹை" என்று கத்தினான். குதிரை தலையைத் தூக்கிக்கொண்டு பின்னுக்கு நகர்ந்ததே தவிர முன்னுக்கு வரவில்லை. புழுதி ஏரியின் அக்கரையைத் தாண்டி இக்கரைக்குத் திரும்பத் தொடங்கியது. செக்கில் சுற்றும் முகிலி வாஞ்சியப்பன் மனத்தில் வந்து வதைத்தது.

அப்போது காவலர் நடுவிலிருந்து சாத்தையாவின் குரல் வந்தது.

"சாமி! கடிவாளத்தை இப்படி இழுத்துப் பிடிச்சா அது எப்படிங்க நடக்கும்? கையைத் தளர்த்துங்க! பிடரியில தட்டிக் குடுங்க!"

பயத்தில் கடிவாளத்தை மார்போடு சேர்த்து இழுத்துக்கொண்டிருந்தது அப்போதுதான் வாஞ்சியப்பனுக்கே தெரிந்தது. கையைத் தளர்த்தினான். பிடரியில் தட்டினான். பொரியன் ஒரு பெருமூச்சு விட்டது. பிறகு விறகுக்கட்டோடு மடைப்பள்ளிக்குப் போவதுபோல நிதானமாக நடந்து கொடிக்கம்பத்தைக் கடந்து நின்றது.

சற்று நேரத்தில் வெள்ளைக் குதிரை வந்து சேர்ந்தது. கையை உயர்த்தியபடி இறங்கிய வீரமார்த்தாண்டர் நடந்ததைக் கேட்டுக் கொதித்துப்போனார்.

"அநியாயம் அரசே! இவன் ஏரியைச் சுற்றவே இல்லை!"

"மன்னரின் வாக்கில் கம்பந்தான் இருந்தது, ஏரி இல்லையே" என்றான் வாஞ்சியப்பன் பணிவாக. "கம்பத்துக்குப் பின்னால் நில் என்று இந்த அருமையான இடத்தை எனக்குத் தேடிக் கொடுத்ததும் தாங்கள்தான். தங்களுக்கு நான் என்றும் கடமைப்பட்டவன்."

அரசர் முதலில் விழித்தார். பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். கூட்டமும் சேர்ந்து சிரித்தது. சிரிப்பு அடங்கியதும் அவர் கேட்டார்:

"அப்படியானால் இடந்தான் எல்லாமா, வாஞ்சியப்பா?"

"இல்லை அரசே. உலகத்திலேயே நல்ல இடம் எனக்குத்தான் கிடைத்தது. ஆனாலும் சாத்தையா சொல்லித் தந்திராவிட்டால் இன்னமும் அங்கேயே நின்றிருப்பேன். அவன் சொன்னபின்னும் காலெடுத்து வைத்தது பொரியன்தான். இடம், ஓட்டுகிறவன், குதிரை மூன்றும் கூடினால்தான் வெற்றி. மூன்றில் ஒன்றைக் கெடுத்துவிட்டு மற்ற இரண்டையும் தண்டிப்பது நம் அரசருக்கு அழகல்ல."

அரசர் தாமே மேடையிலிருந்து இறங்கிப்போய்ச் சாத்தையாவின் கைக்கட்டை அவிழ்த்தார்.

"கோபத்தில் ஒரு நல்லவனை இழக்கப் பார்த்தேன். என்னைத் தடுத்தாய், வாஞ்சியப்பா. உனக்கு நன்றி" என்றார். இனிமேல் குதிரைகள் நிற்கும் இடத்தை எல்லோர் முன்னிலையிலும் சீட்டுக் குலுக்கித்தான் எடுக்கவேண்டும் என்றும், அதிகாரியின் குதிரைக்கு மட்டும் அடுத்த பந்தயத்தில் வெளிக்கோடிச் சேறு என்றும் ஆணையிட்டார். வீரமார்த்தாண்டர் தலை நிமிரவில்லை.

சாத்தையா ஓடிவந்து வாஞ்சியப்பனின் கால்களைப் பிடித்துக்கொண்டான். "விடப்பா, இப்பத்தான் கீழே இறங்கினேன், மறுபடி விழுந்துடப் போறேன்" என்று அவனைத் தூக்கி அணைத்துக்கொண்டான் வாஞ்சியப்பன். இரண்டு பேருக்கும் கண்ணில் நீர்.

அரசர் தம் தோளிலிருந்த பட்டுச் சால்வையை எடுத்து வாஞ்சியப்பனுக்குப் போர்த்தி, பொற்காப்பு ஒன்றும் அணிவித்தார். "இன்னும் என்ன வேண்டும், கேள்" என்றார்.

"பொரியனைக் கொடுங்கள் அரசே."

"எடுத்துக்கொள். வெற்றி வீரனாக அதன்மேல் ஏறியே ஊர்வலம் போ!"

வாஞ்சியப்பன் சால்வையை உதறி எடுத்து, கிழட்டுக் குதிரையின் முதுகில் போர்த்தினான்.

"அது சுமந்தது போதும் அரசே. இனிமேல் அது வெறுங்கையை வீசிக்கொண்டு நடக்கட்டும்."

"குதிரைக்கு ஏதடா கை!" என்று அரசர் மறுபடியும் சிரிக்கத் தொடங்கினார். பொரியனும் வாஞ்சியப்பனும் அருகருகே நடந்து வீடு போய்ச் சேரும்வரை அந்தச் சிரிப்பு ஓயவில்லையாம்.