அதிரசத்துக்கு நஞ்சு பார்த்தவர்கள்

மருதூர்ப் பாளையத்து ராஜா திருவேங்கட நாயக்கருக்கு அதிரசம் என்றால் உயிர். ஆனால் பாவம், அது அவர் வாய்க்கு வந்து சேர்வதுதான் பெரும்பாடு! சமையற்காரர் சுப்புணி தாம்பாளம் நிறைய அடுக்கி அனுப்புவார். சாப்பாட்டுக் கூடத்துக்கு வரும்போது ஓரத்தில் இரண்டே இரண்டு உட்கார்ந்திருக்கும்.

ஒருநாள் ராஜாவுக்குப் பொறுக்கவில்லை.

"அடே சுப்புணி! என் அதிரசத்தைத் திருடியா தின்கிறாய்? நாளைக்குச் சபையில் உனக்குச் சவுக்கடி!"

சுப்புணி அழுதுகொண்டே அரண்மனை விகடர் குழந்தையப்பரிடம் ஓடினார். "சாமி, சத்தியமா நான் ஒண்ணுகூடத் தின்னலை. எப்படியாவது காப்பாத்துங்க!"

"அழாதேயும் ஓய். நாளைக்குக் காளான் குழம்பு ஒரு சட்டி வைத்துக் கொண்டுவாரும். மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன்."

மறுநாள் சபை கூடியது. "தாம்பாளம் யார் யார் கை வழியாக வந்தது?" என்று கேட்டார் குழந்தையப்பர்.

மணியக்காரர் நெஞ்சை நிமிர்த்தினார். "முதலில் என் கைக்குத்தான். நஞ்சு கலந்திருந்தால்? ராஜா உயிராயிற்றே! மேல் அடுக்கில் சும்மா நாலைந்து தின்று பார்த்தேன்."

"மேலே இல்லாவிட்டால் அடியில் இருக்குமே!" என்றார் தளவாய். "அடி அடுக்கை நான் பார்த்தேன்."

"நடுவை யார் பார்ப்பதாம்?" என்று கோபித்துக்கொண்டார் வைத்தியர். "அது என் கடமை. ஆனால் நாங்கள் பார்த்ததெல்லாம் கொஞ்சம்தான் மகாராஜா. மிச்சத்தை விழுங்கியது இந்தச் சுப்புணிதான்!"

ராஜாவுக்குக் கண்ணே கலங்கிவிட்டது. "ஆகா, என்ன விசுவாசம்! எங்கே அந்தச் சவுக்கு?"

"ஒரு நிமிஷம்" என்று சட்டியைத் திறந்தார் குழந்தையப்பர். "காட்டில் பறித்த காளானாம். நல்லதா கெட்டதா, யாருக்கும் தெரியாது. ராஜா சாப்பிடுமுன் வழக்கம்போல நீங்கள் மூவரும் தின்று பாருங்கள்."

மணியக்காரருக்கு அந்த நிமிஷமே பல்வலி வந்தது. தளவாய்க்குச் சஷ்டி விரதம் ஞாபகம் வந்தது. வைத்தியரோ, யாரோ நோயாளி கூப்பிடுவதாகச் சொல்லி வாசலுக்கே போய்விட்டார்.

சுப்புணி மட்டும் ஒரு கரண்டி அள்ளி வாயில் போட்டார். "எங்க வீட்டுக் கொல்லையிலே நானே பறிச்ச காளான் மகாராஜா. உப்புதான் ஒரு கல் கம்மி."

ராஜாவுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. "இந்த விசுவாசிகள் மூவரும் நாளையிலிருந்து அதிரசத்துக்கு மாவு இடிக்கட்டும்!" என்று உத்தரவு போட்டார். குழந்தையப்பருக்கு ஒரு தாம்பாளம் அதிரசம் பரிசு.

கொடுக்கப் போனவர் சட்டென்று கையை இழுத்துக்கொண்டார்.

"பொறும் ஓய்! இதில் நஞ்சு இருந்தால்? உமக்கு ஒன்று ஆகிவிட்டால் எனக்கு யார் இருக்கிறார்கள்?" என்று ஒன்றைக் கடித்தார். அப்புறம் இன்னொன்று. "அடி அடுக்கையும் பார்த்துவிடுவோமே!"

தாம்பாளம் மளமளவென்று குறைவதைப் பார்த்துக் கைகட்டி நின்றார் குழந்தையப்பர்.

"நிதானமாகவே பாருங்கள் மகாராஜா. காலியானதும் சவுக்கடி யாருக்கு என்று மட்டும் இப்போதே சொல்லிவிடுங்கள். சுப்புணி முதுகில் எண்ணெயாவது தடவிக்கொள்ளட்டும்!"

ராஜாவுக்குச் சிரிப்பில் புரையேறிவிட்டது. தலையில் தட்டிக்கொண்டே மிச்சத் தாம்பாளத்தைக் குழந்தையப்பர் கையில் திணித்தார்.