மோனிஷாவின் சுழிப்பிழை

"எல்லாரும் பொய் சொல்றாங்க, டீச்சர்."

இயற்பியல் ஆய்வகத்துக்குள் நுழைந்ததும் நுழையாததுமாக மோனிஷா சொன்ன முதல் வார்த்தை இதுதான். கையில் ஒரு கட்டுக் காகிதம். முகத்தில் அதைவிடப் பெரிய கட்டாகக் கோபம்.

ஹமீதா டீச்சர் தலை நிமிரவில்லை. வில்லைகளைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

அறிவியல் கண்காட்சி என்றால் அந்தப் பெண்கள் பள்ளியில் எரிமலைதான். தெர்மாகோலில் ஒரு மலை, உச்சியில் ஆப்ப சோடா, அதன்மேல் கொஞ்சம் வினிகர், பொங்கி வழிந்ததும் கைதட்டல். ஒன்பதாம் வகுப்பில் மட்டும் நாலு எரிமலை. மோனிஷாவுக்கு அது பிடிக்கவில்லை. மனிதர்கள் எதற்கெல்லாம் பயப்படுகிறார்கள் என்று ஊரில் நூறு பேரிடம் கேட்டு வரைபடம் போடப் போகிறேன் என்றாள். துணிச்சல்காரிதான்.

படிவமும் அவளே தயார் செய்தாள். பத்துப் பயம், பத்துக் கட்டம். பாம்பு, பேய், இருட்டு, ஊசி, பல்லி என்று வரிசையாக. ஒன்றில் டிக் அடித்தால் போதும், வேலை முடிந்தது.

நாற்பது படிவம் திரும்பி வந்திருந்தது. முப்பத்தொரு பேருக்குப் பாம்பு. டீக்கடை சேவியர் பல்லிக்கு டிக் அடித்திருந்தார். அவர் மகன் பதினைந்து நாளாகத் தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில் கிடக்கிறான், ஊருக்கே தெரியும். இவருக்குப் பல்லிதான் பயமாம். கேட்டுக்கொள்ளுங்கள்.

இதை வைத்து நான் என்னத்தை வரைபடம் போடுவது என்று மோனிஷா பொரிந்து தள்ளினாள்.

டீச்சர் மேசை இழுப்பறையைத் திறந்து ஒரு திருகு அளவியை எடுத்து நீட்டினார். கம்பியின் தடிமனை அளக்கிற கருவி அது. இரண்டு முனைக்கும் நடுவில் கம்பியை வைத்துத் திருகினால் அளவு காட்டும்.

"மூடு."

"கம்பி எங்க, டீச்சர்?"

"கம்பி வேணாம். மூடு."

மூடினாள். இரண்டு முனையும் முட்டிக்கொண்டன.

"என்ன காட்டுது?"

"மூணு."

"நடுவுல என்ன இருக்கு?"

"ஒண்ணுமில்ல."

"பின்ன மூணு எங்கேருந்து வந்துச்சு?"

சுழிப்பிழை. ஒன்றுமே வைக்காதபோதும் கருவி தன் பங்குக்கு ஏதோ காட்டும். அப்புறம் எதை அளந்தாலும் அந்தப் பிழையும் கூடவே வரும். பரீட்சையில் இரண்டு மார்க் கேள்வி. மோனிஷா கடகடவென்று ஒப்பித்தாள். டீச்சர் தலையை ஆட்டிவிட்டு அடுத்த வில்லையை எடுத்துக்கொண்டார்.

இந்த டீச்சரிடம் இதுதான் தொல்லை. ஒன்று கேட்டால் பதில் வராது, கைக்கு ஏதாவது ஒரு சாமான் வரும்.

வழியெல்லாம் யோசித்துக்கொண்டே சித்தி வீட்டுக்கு வந்தாள். அங்கேதான் அவள் வளர்கிறாள். வந்ததும், அளக்கிற கருவி நான்தானே, முதலில் என்னையே அளந்து பார்ப்போம் என்று ஒரு காலிப் படிவத்தில் தன் பெயரை எழுதி, பாம்புக்கு ஒரு டிக் அடித்தாள். மறுநாள் கொண்டுபோய் நீட்டினாள்.

"பாம்ப எப்பப் பாத்த?" என்று கேட்டார் டீச்சர்.

"பாத்ததில்ல, டீச்சர்."

டீச்சர் அந்தப் படிவத்தை நாற்பதோடு நாற்பத்தொன்றாக அதே கட்டுக்குள் செருகி, நூலைச் சுற்றிக் கட்டி, திருப்பிக் கொடுத்தார்.

அந்த நாற்பது பொய்யோடு தன்னுடையதும் ஒன்று என்று மோனிஷாவுக்கு உறைத்தது.

அவள் அம்மா குவைத்தில் ஒரு வீட்டில் சமையல் வேலை பார்க்கிறாள். அப்பா தவறிய மறு வருஷம் போனவள். அப்போது மோனிஷாவுக்குப் பத்து வயது, இப்போது பதினான்கு. வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஐந்து மணிக்கு போன் வரும். முகம் பார்த்துப் பேச அந்த வீட்டில் விடமாட்டார்கள். குரல் மட்டும்தான்.

போன வெள்ளிக்கிழமை அம்மா ஒன்று கேட்டாள். ஒப்பந்தம் முடியப் போகிறது, இன்னும் இரண்டு வருஷத்துக்குக் கையெழுத்துக் கேட்கிறார்கள், போடட்டுமா, இல்லை வந்துவிடட்டுமா என்று. அடுத்த வெள்ளிக்குள் முடிவு சொல்ல வேண்டுமாம்.

போடும்மா, எனக்கென்ன, நான் நல்லாத்தான் இருக்கேன் என்று மோனிஷா சொல்லிவிட்டாள். சொல்லிவிட்டு போனைக் காதோடு அழுத்திக்கொண்டு காத்திருந்தாள். அதெல்லாம் முடியாது, நான் வர்றேன் என்று அம்மா சொல்வாள் என்று.

சரிம்மா என்றாள் அம்மா.

அவ்வளவுதான், பேச்சு முடிந்தது. பாவம், அன்றைக்கு அந்தப் பெண்ணுக்குச் சோறு இறங்கவில்லை. அம்மா தலை பின்னிவிடும்போது முதுகில் அவள் முழங்கால் இடிக்கும். உட்கார்ந்தால் எழுந்தால் அந்த இடிக்கு ஏங்கினாள்.

வியாழக்கிழமை மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் மோனிஷா ஒரு வெள்ளைத்தாளை எடுத்தாள். கட்டம் எதுவும் போடவில்லை. உங்களுக்கு எதற்குப் பயம் என்று மேலே ஒரு வரி மட்டும் எழுதினாள். அதற்குக் கீழே தன் பதிலை எழுதத் தொடங்கினாள். மூன்று வரிதான். மணி அடிக்கிறவரை எழுதினாள். டிபன் பாக்ஸைத் திறக்கவே இல்லை.

அதை டீச்சரிடம் கொண்டுபோனாள். டீச்சர் அவள் முகத்தைப் பார்த்தார். தாளைப் பார்க்கவில்லை. நாலாக மடித்து அவள் கையிலேயே வைத்து மூடினார்.

"இது எனக்கு எதுக்கு?" என்றார்.

வெள்ளிக்கிழமை ஐந்து மணிக்கு போன் அடித்தது.

சாப்பிட்டாயா, சித்தி சௌக்கியமா என்றெல்லாம் அம்மா கேட்டாள். ஒப்பந்தத் தாள் எதிரிலேயே இருக்கிறது, பேசி முடித்ததும் கையெழுத்துப் போட்டுக் கொடுக்க வேண்டியதுதான் என்றாள். மோனிஷா, கண்காட்சிக்கு ஒரு கேள்வி இருக்கும்மா, உனக்கு எதைக் கண்டால் பயம் என்று கேட்டாள்.

அம்மா சிரித்தாள். "எலி. எழுதிக்க."

மோனிஷா எழுதவில்லை.

"என்னோடத மொதல்ல வாசிக்கிறேம்மா."

மடிப்பைப் பிரித்தாள். ஒவ்வொரு சொல்லாக வாசித்தாள். 

"போன மாசம் ஒரு வெள்ளிக்கிழமை அம்மா போன் பண்ணல. அது எனக்குச் சனிக்கிழமை மத்தியானந்தான் ஞாபகம் வந்துச்சு. அம்மா இல்லாம இருக்குறது எனக்குப் பழகிப் போயிருமோன்னு பயமா இருக்கு."

அந்தப் பக்கம் தூரத்தில் யாரோ அம்மாவை அரபியில் கூப்பிட்டார்கள். திரும்பக் கூப்பிட்டார்கள். அம்மா போகவில்லை.

"எலி வேணாம்டி," என்றாள் அம்மா. "இத எழுது."

"சொல்லும்மா."

"நான் பெட்டியோட வந்து வாசல்ல நிக்கும்போது, நீ என்னப் பாத்து யாரு வேணும்னு கேட்டுருவியோன்னு பயம்."

மோனிஷா எழுதினாள். பேனா நின்று நின்று போனது.

"எழுதிட்டியா?"

"எழுதிட்டேம்மா."

"அப்ப இந்தத் தாளக் கையெழுத்துப் போடாமயே திருப்பிக் குடுத்துர்றேன்."