கரடி இடுப்பில் கட்டிய பறி

காட்டாறு கடலில் கலக்கும் இடத்தில் மொங்கான் என்று ஒரு கரடி இருந்தது. மீன் பிடிப்பதில் கெட்டி. நடப்பதென்றால் மட்டும் அழுகை வந்துவிடும்.

அந்தக் கரை மிருகங்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. மீனைப் பிடித்தால் அப்போதே கரைக்குக் கொண்டுபோய்ப் பறியில் போட வேண்டும். பறி என்பது பனையோலையில் முடைந்த மீன் கூடை. அது மணலில்தான் இருக்க வேண்டும், தண்ணீருக்குள் வரக்கூடாது. பொழுது சாய்ந்தபிறகு யாரும் இறங்கவும் கூடாது. அது சுறா இரை தேடும் நேரம்.

மீன் கிடைக்கும் இடத்திலிருந்து கரைக்கு முப்பது அடி. ஒவ்வொரு மீனுக்கும் முப்பது அடி போய், முப்பது அடி வர வேண்டும். மொங்கானுக்கு எரிச்சல். ஒருநாள் சாயங்காலம் பறியை இடுப்பில் கட்டிக்கொண்டு இறங்கிவிட்டது!

பாறை மேலிருந்த நண்டு கத்தியது. "ஏ மொங்கான்! பறியை மணல்ல வைவே! பொழுதும் சாஞ்சிட்டு, தண்ணியும் கலங்கிக் கிடக்கு!"

"போடா! நேரா நடக்கத் தெரியாத பய எனக்கு வழி சொல்ல வந்துட்டான்!" என்றது மொங்கான்.

பறிக்குள் ஐந்து மடவை மீன்கள் துள்ளின. ரத்தம் தண்ணீரில் கலந்தது. மொங்கான் பாட்டுப் பாடிக்கொண்டு ஆறாவது மீனைத் தேடியது.

கடல் பக்கமிருந்து ஒரு சுறா வந்துகொண்டிருந்தது. வயிறு நிறையக் குட்டிகள். இரண்டு நாளில் ஆற்றுக்குள் போய்க் குட்டி போட வேண்டும். நல்ல பசி. மீன் ரத்தம் மணத்தது. கலங்கலில் ஒன்றும் தெரியவில்லை. மணம் வந்த பக்கம் பாய்ந்து ஒரே கடி!

பறி போனது. கூடவே மொங்கானின் பின்பக்கத்திலும் கொஞ்சம் போனது.

"த்தூ! ஒரே முடி!" என்று துப்பிவிட்டுச் சுறா ஓடிவிட்டது.

நடக்க முடியாத அந்த முப்பது அடியை மொங்கான் இரண்டே தாவலில் தாண்டியது. கரையில் விழுந்து புரண்டது. எல்லாரும் ஓடிவந்தார்கள்.

"சுறா என்னைக் கொல்லப் பார்த்துச்சு! நான் சும்மா குளிச்சுக்கிட்டு இருந்தேன்! வெளிச்சம் இருக்கும்போதே! கையில ஒரு மீன்கூட இல்ல!"

அத்தனையும் பொய். நண்டு உண்மையைச் சொன்னது. அழுகிற கரடியை விட்டுவிட்டு நண்டு பேச்சை யார் கேட்பார்கள்?

நரி மட்டும் உள்ளுக்குள் சிரித்தது. நரிக்கு நீந்த வராது. ஆற்று வாயை அடைத்துவிட்டால் உள்ளே மாட்டுகிற மீனையெல்லாம் கரையில் உட்கார்ந்தே அள்ளலாம். அது ஒரு மேட்டில் ஏறி நின்றது.

"இன்னைக்குக் கரடியோட பின்பக்கம்! நாளைக்கு நம்ம பிள்ளைங்க! ஆத்து வாயைக் கொடி பின்னி அடைச்சிடுவோம். சுறா எப்படி உள்ள வரும்னு பார்ப்போம்!"

"அடைப்போம்! அடைப்போம்!"

மறுநாள் காலையில் பாதி அடைத்தாயிற்று. சுறா வந்து பார்த்துப் பதறியது.

"அடைக்காதீங்க! வெளியே குட்டி போட்டா பெரிய மீனுங்க ஒரே வாயில முழுங்கிடும். உள்ளே ஆழமில்லாத தண்ணி இருந்தாத்தான் அதுங்க பிழைக்கும்!"

"முதல்ல விசாரிங்க! விசாரிக்காம அடைக்கிறது என்ன நியாயம்?" என்று நண்டு கத்திக் கத்தித் தொண்டை கட்டியபிறகு, எருமையை நீதிபதியாக வைத்தார்கள். எருமை எப்படியும் நாளெல்லாம் பாதி தண்ணீரில்தான் கிடக்கும். இரண்டு பக்கமும் பேச வசதி.

நரி ஆரம்பித்தது. "ஏ சுறா! கடிச்சியா, இல்லையா?"

"கடிச்சேன்."

"கேட்டீங்களா! அதுவே ஒத்துக்கிச்சு! விசாரணை முடிஞ்சது!"

"முழுசாக் கேளுங்க. மீன் ரத்தம் மணத்துச்சு. மீன்னு நினைச்சேன். இது கரடின்னு தெரிஞ்சதும் துப்பிட்டேன்."

"என்கிட்ட மீனே இல்லைங்கய்யா!" என்று மொங்கான் மூக்கை உறிஞ்சியது.

"அப்ப என் பல்லுல மாட்டியிருக்கிறது என்ன? நேத்திலேர்ந்து ஒரு வாய் தின்ன முடியல. யாராவது வந்து பாருங்களேன்."

சுறா வாயைத் திறந்தது. கூட்டம் பத்தடி பின்னால் போனது.

"சுறா வாய்க்குள்ள எட்டிப் பார்க்கணுமாம்! நல்லாயிருக்கே கதை! ஐயா, நீங்க பார்க்கிறீங்களா?" என்றது நரி.

"நான் இங்கேயிருந்தே பார்க்கிறேன்" என்றது எருமை. கண்ணைச் சுருக்கிப் பார்த்தது. "ஒண்ணும் தெரியல. சரி, அடைச்சிடலாம்னு தீர்ப்பு..."

"நிறுத்துங்க!"

கூட்டத்தைப் பிளந்துகொண்டு மொங்கானின் பெண்டாட்டி ஆவாரை வந்தது. தீர்ப்பைப் பற்றி அதற்குக் கவலை இல்லை. கவலையெல்லாம் வேறு.

"ஏய்யா, என் பறி எங்கே?"

"எ... எந்தப் பறி?"

"எந்தப் பறியா? ஆறு நாள் உக்காந்து ஓலை கிழிச்சு முடைஞ்சேனே, அந்தப் பறி! வீட்டுல இல்ல, மணல்லயும் இல்ல. உன் புண்ணுக்கு மருந்து வச்சவ நான்தானே? இடுப்பைச் சுத்திக் கயித்துத் தடம் எப்படி வந்துச்சு?"

எல்லாரும் மொங்கானின் இடுப்பைப் பார்த்தார்கள். மொங்கான் இரண்டு கையாலும் மூடிக்கொண்டது.

அவ்வளவுதான். ஆவாரை விறுவிறுவென்று தண்ணீருக்குள் நடந்தது. நேராகச் சுறாவிடம் போனது.

"வாயைத் திற."

திறந்தது.

"இன்னும் அகலமாத் திறம்மா!"

கையை உள்ளே விட்டது. நரி கண்ணை மூடிக்கொண்டது.

"அக்கா, மெதுவா... அந்தப் பல்லு ஆடுது" என்றது சுறா.

ஆவாரை ஒரே இழுப்பாக இழுத்தது. கிழிந்த பறி வெளியே வந்தது. உள்ளே அரை மடவை மீன்! அறுந்த கயிறும் அதிலேயே தொங்கியது.

ஆவாரை புருஷன் பக்கம் திரும்பியது. "முப்பது அடி! அதை நடக்க முடியாம, ஒரு பிள்ளைத்தாச்சியோட பிள்ளைங்களைச் சாகடிக்கப் பார்த்தியே!"

"நடந்தா கால் வலிக்குது..."

"இப்ப எங்கே வலிக்குது?"

மொங்கான் புண்ணைத் தடவிக்கொண்டது. வெட்கப்பட்டு உட்காரலாம் என்றால் உட்காரவும் முடியாது.

எருமை தலையை ஆட்டியது. "பழைய தீர்ப்பு வேண்டாம். அடைப்பைப் பிரிங்க. அடைக்கச் சொன்ன நரி முதல்ல இறங்கட்டும்."

"ஐயா! எனக்கு நீச்சல் தெரியாதே!"

"முழங்கால் தண்ணிதான். இறங்கு."

எல்லாரும் கொடியை அறுத்தார்கள். மொங்கான் மெல்ல ஓரத்துக்கு வந்து சுறாவிடம் சொன்னது: "என் மேலதான் தப்பு. சரி, இனிமே என்னைக் கடிக்க மாட்டேன்னு சத்தியம் பண்ணு."

"பண்ண மாட்டேன்."

"என்னது!"

"கலங்கல் தண்ணியில, பொழுது சாஞ்சபிறகு, மீன் ரத்தத்தோட வந்தா மறுபடியும் கடிப்பேன். நான் சுறா. எனக்கு அதுதான் தெரியும். யோசிச்சு இறங்க வேண்டியது நீ."

யாரும் கோபப்படவில்லை. அது சொன்னதில் தப்பு என்ன இருக்கிறது?

சாயங்காலம் கடல் ஏற்றம் வந்து தண்ணீர் உயர்ந்தது. எல்லாரும் கரையேறி நின்று வழிவிட்டார்கள். சுறா ஆற்றுக்குள் போனது. மறுநாள் வெயில் வந்தபோது ஆழமில்லாத தண்ணீரில் ஒன்பது குட்டிச் சுறாக்கள் வாலை ஆட்டிக்கொண்டு திரிந்தன.

இரண்டு காலோ நாலு காலோ, கடலில் இறங்குகிறவர் யாராக இருந்தாலும் எங்கே, எப்போது, எப்படி இறங்குகிறோம் என்று பார்த்து இறங்க வேண்டும், தன் அலட்சியத்துக்குச் சுறாவின் மேல் பழி போடக்கூடாது.