ஒன்பதாம் நம்பர் டோக்கன்

அந்த லாட்ஜுக்குள் காலை வைத்ததுமே திருவேங்கடத்துக்கு மனசு சுண்டிப்போயிற்று.

இரண்டு ஆறு கூடுகிற ஊர் அது. அஸ்தி கரைக்க வருகிறவர்களுக்கென்று படித்துறைப் பக்கம் புதுசு புதுசாக எத்தனையோ ஓட்டல் வந்துவிட்டது. இதுவோ அறுபது வருஷக் கட்டடம். சுவரில் பச்சைச் சாயம் செதில் செதிலாக உரிந்து கிடந்தது. மேஜைக்குப் பின்னால் ஆளுயரத்துக்கு ஒரு தகரப் பலகை. அதில் முப்பத்தோரு விதிகள், நம்பர் போட்டு.

"ஊர்ல வேற இடமே இல்லையாம்மா?" என்று கேட்டார்.

"இது உங்களுக்குப் பழகின இடமாட்டம் இருக்கும்" என்றார் மரகதம்மா.

இந்த ஊருக்கே திருவேங்கடம் இப்போதுதான் முதல் தடவை வருகிறார். அம்மா சொன்னது விளங்கவில்லை.

மரகதம்மா பஞ்சாலையில் இருபத்திரண்டு வருஷம் நூல் சுற்றியவர். ஆலையை மூடிய பிறகு தன் ஓட்டு வீட்டில் சும்மா உட்கார்ந்திருந்தார். மனசு சரியில்லாதவர்கள் ஒவ்வொருவராக ஆறுதல் தேடி வந்தார்கள். வயசு ஐம்பதுதான். திருவேங்கடத்துக்கு அறுபத்து நாலு. சார்பதிவாளராக இருந்து ஓய்வு பெற்றவர். ஊரே கைகட்டி நின்ற மனுஷன், ஆலைக்காரப் பெண்பிள்ளை முன்னால் தரையில் உட்காருவாரா? மகன் செத்த மூன்றாம் நாள் போய் உட்கார்ந்தார். தினமும் ஒரே கேள்விதான் கேட்டார்.

"அம்மா, அவன் என்னை மன்னிச்சிருப்பானா?"

ஒன்பது நாள் பதிலே இல்லை. பத்தாம் நாள், "கிளம்புங்க. முதல்ல பையனைக் கரைச்சிட்டு வரலாம்" என்றார். அப்படித்தான் வந்து சேர்ந்தார்கள்.

குமாஸ்தா பதிவேட்டைப் பிரித்தார். சட்டைப் பையின் மேல் அர்த்தநாரி என்று பெயர்ப் பட்டை இருந்தது. முகத்தில் சிரிப்பும் இல்லை, சிடுசிடுப்பும் இல்லை.

"ரெண்டு பேருக்கும் என்ன உறவுங்க?"

"இவங்க என் குரு" என்றார் திருவேங்கடம்.

"குருவுக்குக் கட்டம் இல்லீங்களே."

"அப்ப எதுக்குத்தான் இருக்கு?"

"புருஷன், சம்சாரம், தாய், தகப்பன், பிள்ளை, கூடப்பிறந்தவங்க. மிச்சமெல்லாம் இதரருங்க."

"இதரர்னே போடுங்க" என்றார் மரகதம்மா. இதரருக்கு ஒரே அறை கிடையாது என்று விதி நாலு சொல்லியது. ஆளுக்கொரு அறை எடுத்தார்கள். அறைக்கு ஒரு பக்கெட். வெந்நீர் காலை ஐந்திலிருந்து ஆறு வரை. ஜன்னலைத் திறக்க முன் அனுமதி வேண்டுமாம். இந்தக் கூத்தையெல்லாம் எங்கே போய்ச் சொல்ல!

"கையில என்னங்க?" என்றார் அர்த்தநாரி.

திருவேங்கடம் சிவப்புத் துணி கட்டிய மண்கலயத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். "என் மகன்."

அர்த்தநாரி திரும்பிப் பலகையில் விரலை வைத்தார். "விதி பதினேழுங்க. அஸ்தி அறைக்குள்ள போகக்கூடாது. கொல்லையில கம்பிக் கதவு போட்ட ரூம் இருக்கு. அங்க வெச்சு டோக்கன் குடுப்போம். காலையில டோக்கனைக் குடுத்துட்டு வாங்கிக்குங்க."

"ஒரே ஒரு ராத்திரி தம்பி. என் பக்கத்துல வெச்சுக்கிறேன்."

"இல்லீங்க."

திருவேங்கடம் கெஞ்சினார். காரணம் இருந்தது. சுடுகாட்டிலிருந்து கலயத்தை எடுத்து வந்து அவர் கையில் கொடுத்தவள் மருமகள்தான். அப்போது அவள் சொன்னது ஒன்றே ஒன்று. "மாமா, இந்தத் தடவையாவது அவரை உள்ள கூட்டிட்டுப் போங்க." அவரால் அதுவும் முடியவில்லை. அஸ்தியை வீட்டுக்குள் கொண்டுபோகக் கூடாதே. வாசல் முருங்கை மரத்தில்தான் கட்டித் தொங்கவிட்டார். அன்றிலிருந்து அவருக்குப் பொட்டுத் தூக்கம் இல்லை. வீட்டில்தான் ஆகாது, லாட்ஜில் என்ன வந்தது, ஒரு ராத்திரியாவது அப்பனும் பிள்ளையும் ஒரே கூரைக்குக் கீழே கிடக்கலாம் என்று வழியெல்லாம் நினைத்துக்கொண்டு வந்தார்.

"வர்றவங்க அத்தனை பேரும் இதைத்தானுங்க சொல்றாங்க" என்றார் அர்த்தநாரி. கலயத்தை வாங்கிக்கொண்டு போனார். திரும்பி வந்து, ஒன்பது என்று பொறித்த பித்தளைத் தகட்டைக் கொடுத்தார்.

"கல்லுல நார் உரிக்கிற கதையா இருக்கு. இவனெல்லாம் மனுஷனாம்மா?" என்று திருவேங்கடம் பொருமினார்.

மரகதம்மா தன் அறைச் சாவியை எடுத்துக்கொண்டு மாடி ஏறினார்.

காலையில் பத்தரையோடு திதி முடிகிறது. அதற்குள் கரைத்தாக வேண்டும். திருவேங்கடம் நேரத்தோடு எழுந்து குளிக்கப் போனார். பதற்றத்தில் இடுப்பு மடிப்பில் டோக்கன் இருந்ததையே மறந்துவிட்டார். வேட்டியை உதறியதும் அது விழுந்தது, உருண்டது, தண்ணீர் போகிற ஓட்டைக்குள் போய் மறைந்தது. கையை விட்டுத் துழாவினார். சேறுதான் வந்தது.

ஒன்பது மணிக்குக் கம்பி ரூம் திறந்தது. உள்ளே வரிசையாகக் கலயங்கள் இருந்தன. மூன்றாவதாக அவருடையது. மருமகள் போட்ட முடிச்சுகூட அப்படியே தெரிந்தது.

"அதோ, அதுதான். நேத்து நீங்கதானே கொண்டுபோய் வெச்சீங்க?"

"நான்தானுங்க வெச்சேன்."

"கொண்டுவந்தது நான்தான்னு தெரியுதில்ல?"

"தெரியுதுங்க. டோக்கன்?"

திருவேங்கடம் கத்தினார். கம்பியைப் பிடித்து உலுக்கினார். போலீஸுக்குப் போவேன் என்றார், கலெக்டரைப் பார்ப்பேன் என்றார். அர்த்தநாரி கேட்டுக்கொண்டே நின்றார். மரகதம்மா வராந்தா பெஞ்சில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"நீங்களாவது ஒரு வார்த்தை சொல்லக்கூடாதாம்மா?"

"டோக்கன் தொலைஞ்சா என்ன வழின்னு கேட்டீங்களா அய்யா?"

அவர் கேட்கவில்லை. அர்த்தநாரியே சொன்னார். "விதி இருபத்தி மூணுங்க. மேனேஜருக்கு மன்னிப்புக் கடிதம். கைப்பட எழுதோணும்."

"மன்னிப்பா? நானா? என் மேஜை முன்னாடி ஆயிரம் பேர் நின்னு மன்னிப்புக் கேட்டிருக்கான். ஒரு பித்தளைத் தகட்டுக்கு நான் மன்னிப்புக் கேக்கணுமா? உசுரே போனாலும் எழுத மாட்டேன்!"

மணி ஒன்பதேகால் ஆயிற்று. ஒன்பதரை ஆயிற்று. அர்த்தநாரி கதவைச் சாத்திக்கொண்டு மேஜைக்குப் போய்விட்டார். திருவேங்கடமும் பின்னாலேயே போனார். கூடவே வந்த மரகதம்மா ஒரு வெள்ளைத் தாளும் பேனாவும் கேட்டு வாங்கினார். மேஜையின் இந்தப் பக்கம், திருவேங்கடம் நின்ற இடத்துக்கு நேராக வைத்தார்.

"நேரம் போகுதுங்க" என்றார்.

திருவேங்கடம் பல்லைக் கடித்துக்கொண்டு எழுதினார். எழுத்து அவருக்குப் புதுசா என்ன? அனுப்புநர், பெறுநர், பொருள் எல்லாம் இம்மி பிசகாமல் இருந்தது. மன்னிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன் என்று முடித்துக் கையெழுத்தும் போட்டார்.

அர்த்தநாரி படித்தார். "கடைசி வரி இல்லீங்களே."

"எந்த வரி?"

"'இனிமேல் இவ்வாறு நடக்காது என்று உறுதி கூறுகிறேன்.' அந்த ஒரு வரி இல்லாமச் செல்லாதுங்க."

திருவேங்கடத்தின் கை அப்படியே நின்றுவிட்டது.

அது அவருடைய வரி. ஆறு வருஷத்துக்கு முன் மகன் பரணி அவரைக் கேட்காமல் கல்யாணம் செய்துகொண்டான். படியேற வேண்டுமென்றால் கைப்பட மன்னிப்புக் கடிதம் வேண்டும், கடைசியில் இந்த வரி வேண்டும் என்று சொல்லி அனுப்பினார். பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்கிற பிறவி. அவன் மூன்று தடவை வந்தான். முதல் தடவை ஒரு தீபாவளிக்கு. ஜன்னல் கம்பிக்கு இந்தப் பக்கம் நின்று, "கடிதம் இருக்கா?" என்றார். அவன் சிரித்தான். "கல்யாணம்தான் நடந்துடுச்சேப்பா. இனிமே நடக்காதுன்னு எப்படி எழுதறது?" இரண்டாம் தடவை அவன் அம்மாவின் திவசத்துக்கு வந்தான். அப்போதும் அதே கேள்விதான். மூன்றாம் தடவை வந்தது நாலு மாசத்துக்கு முன்னால். வியாதியில் பாதியாக இளைத்து, மூச்சு வாங்கிக்கொண்டு நின்றான். அடையாளம் தெரியவில்லையோ என்று நினைத்தானோ என்னவோ, "அப்பா, நான்தாம்ப்பா, பரணி" என்றான்.

"தெரியுது. கடிதம்?" என்று கேட்டிருந்தார்.

திருவேங்கடம் நிமிர்ந்து அர்த்தநாரியின் முகத்தைப் பார்த்தார். சிரிப்பும் இல்லை, சிடுசிடுப்பும் இல்லை. மேஜைமேல் தலையைக் கவிழ்த்துக்கொண்டு, அறுபத்து நாலு வயசு மனுஷன் வாய்விட்டு அழுதார்.

அர்த்தநாரிக்குக் கை கால் ஓடவில்லை. இதற்கு விதி எதுவும் பலகையில் இல்லை. "ஐயோ, அழுவாதீங்க சார். ஒரே ஒரு வரிதானுங்க."

"ஆமாப்பா. நானும் அவன்கிட்ட அப்படித்தான் சொன்னேன். ஒரே ஒரு வரிதான்னு."

பேனாவை எடுத்தார். எனக்கிருந்தது ஒரே பிள்ளை, இனிமேல் நடக்க என்ன இருக்கிறது என்று முணுமுணுத்துக்கொண்டே அந்த வரியை எழுதினார். எழுத்து கோணல்மாணலாக வந்தது. அர்த்தநாரி அதன்மேல் முத்திரை குத்தி, கோப்பில் கோத்துவிட்டு, சாவியை எடுத்துக்கொண்டு நடந்தார்.

பத்து மணி தாண்டி படித்துறைக்கு வந்து சேர்ந்தார்கள். வானம் மூடிக்கிடந்தது. திருவேங்கடம் இடுப்பளவு தண்ணீரில் இறங்கினார். முடிச்சை அவிழ்க்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று. கலயத்தைச் சாய்த்ததும் சாம்பல் சிறிது தூரம் கலங்கலாகப் போனது, பிறகு ஆற்றோடு ஆறாகிவிட்டது. கலயத்தையும் துணியையும் விட்டுவிட்டு மூன்று முழுக்குப் போட்டார்.

கரையேறி, ஈரத்தோடு மரகதம்மா உட்கார்ந்திருந்த படிக்குக் கீழ்ப்படியில் உட்கார்ந்தார்.

"இப்பவாவது சொல்லுங்கம்மா. அவன் என்னை மன்னிச்சிருப்பானா?"

மரகதம்மா மடியிலிருந்த துண்டை எடுத்து அவர் தலையில் போட்டார்.

"மூணு தடவை உங்க வாசலுக்கு வந்தானே அய்யா. ஒரு தடவையாவது அவன் உங்ககிட்டக் கடிதம் கேட்டானுங்களா?"