கொக்கு மிச்சம் பிடித்த கால்

அந்தக் காலத்தில், பறவையும் ஆமையும் வாய் திறந்து பேசிக்கொண்டிருந்தபோது, கொக்குக்குக் கோழியைப் போலக் குட்டைக் கால்தான். அதுவே போதுமாக இருந்தது. குளத்தில் கணுக்கால் அளவுதான் தண்ணீர். வெள்ளாயி என்ற கொக்கு காலையில் இறங்கினால், வெயில் ஏறுவதற்குள் தன் இரண்டு குஞ்சுகளுக்கும் வேண்டிய மீனைப் பிடித்துவிடும்.

அப்புறம் வந்தது வளர்ச்சி. எங்கிருந்தோ வந்திறங்கிய கூழைக்கடா, "கரையை உயர்த்துங்க. நான் மீன்குஞ்சு கொண்டுவந்து விடறேன். குளம் வளரும், எல்லாருக்கும் வேலை கிடைக்கும்" என்றது. அதற்கென்ன, தண்ணீர் எவ்வளவு ஏறினாலும் மிதக்கிற பறவை. குளத்துத் தலைவரான ஆமையும் தலையாட்டியது. யார் காலையும் இழுத்து நீளமாக்கும் வரம் ஆமைக்கு இருந்தது. கரைக்கு மண் சுமந்தால் அதுதான் கூலி.

வெள்ளாயி நம்பிப் போனது. நானாக இருந்தாலும் போயிருப்பேன். பகலெல்லாம் அலகில் மண் சுமந்தது. மாதம் முடிந்ததும் கால் ஒரு விரல் நீண்டது. கரை உயர்ந்ததில் தண்ணீர் ஒன்றரை விரல் ஏறியிருந்தது. அடுத்த மாதமும் அதே கதை.

மீன் பெருகியது உண்மைதான். ஆனால் எல்லாம் ஆழத்தில். சாயங்காலம் வேலை முடிந்து இறங்கினால், ஒரு குஞ்சுக்குக் கிடைக்கும், இன்னொன்றுக்குக் கிடைக்காது. நேற்று எது பட்டினி கிடந்தது என்றே வெள்ளாயிக்கு மறந்துபோகும். அவ்வளவு அலுப்பு, பாவம்.

ஒரு வருஷம் பொறுத்துவிட்டு ஆமையிடம் போய் நின்றது.

"கட்டுபடியாகலைங்க ஐயா."

"போன வருஷம் உன் கால் நாலு விரல். இப்போ ஒரு சாணுக்கு மேல. வளர்ந்திருக்கியா இல்லையா?"

"வளர்ந்திருக்கேன். அன்னைக்குத் தண்ணி கணுக்கால்ல நின்னுச்சு. இன்னைக்கு நெஞ்சைத் தொடுதுங்க."

"அதுக்குத்தானே மறுபடி கரையை ஏத்தறோம். வேலையும் இருக்கும், காலும் நீளும்."

"தண்ணி?"

ஆமை தலையை ஓட்டுக்குள் இழுத்துக்கொண்டது.

வெள்ளாயி திரும்பி வந்து குளத்தோரம் இறங்கியது. இரண்டு காலிலும் சேற்றுப்புண். கூட்டில் குஞ்சுகள் கத்திக்கொண்டிருந்தன. இரண்டு காலும் போய்விட்டால் மண் சுமக்கவும் முடியாது, மீன் பிடிக்கவும் முடியாது. யோசித்தது. ஒரு காலைத் தண்ணீரிலிருந்து தூக்கி, உதறி, இறகுக்குள் மடக்கி வைத்துக்கொண்டது.

பக்கத்துக் கிளையிலிருந்த மீன்கொத்தி கேட்டது: "என்னக்கா, ஒத்தக் கால்ல நிக்கிறே?"

"இதையாவது மிச்சம் பிடிக்கிறேன் தம்பி."

அன்று தொடங்கியதுதான் கொக்கின் நீண்ட காலும், அது ஒற்றைக் காலில் நிற்பதும். பார்க்கிறவர்கள் தவம் என்கிறார்கள். தவமும் இல்லை, ஒன்றும் இல்லை. நாளைக்கு வேலைக்குப் போக வைத்திருக்கிற கால் அது.