கடைசி ஜோடிக் கால்

"இதுவும் நொண்டி, மேடம்," என்றார் சற்குணம்.

சற்குணம் கல்லூரியில் விலங்கியல் வாத்தியார். வயது நாற்பத்தாறு. முனைவர் பட்டத்துக்காக, கடலோர ஆய்வுக்கூடத்தில் பெனிட்டாவிடம் மாணவராகச் சேர்ந்திருந்தார். பெனிட்டாவுக்கு முப்பத்திரண்டு.

தட்டில் பதினோரு நண்டுகள். ஒவ்வொன்றும் பட்டாணி அளவுதான். நண்டென்றால் ஒரு ஜோடி கொடுக்கு, நாலு ஜோடி நடக்கிற கால். இதுகளுக்கு மூணு ஜோடிதான் இருந்தது. கடைசி ஜோடியைக் காணோம்.

"கூலிக்கு வர்ற பிரகாசி வேலை. வலையில வர்ற சேத்தை அலசி நண்டைப் பொறுக்குன்னா, காலைப் பிச்சுப் போட்டிருக்கு. நேத்து வாங்கு வாங்குன்னு வாங்கிட்டேன். இனிமே இந்தப் பக்கம் வரவேண்டாம்னுட்டேன்."

"அவங்க என்ன சொன்னாங்க?"

இதற்குத்தான் காத்திருந்த மாதிரி சற்குணம் எழுந்தார். இடுப்பில் கூடை இருப்பதுபோல ஒரு பக்கம் சாய்ந்தார். மூக்கால் இழுத்தார்.

"நான் ஒடிக்கலையே சாரே... பூப்போலத்தான எடுத்தேன்..."

அச்சு அசல் பிரகாசி. அடுத்த மேசையில் இருந்த ஆய்வு மாணவர்கள் நாலு பேர் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

பெனிட்டா லென்ஸை அவர் பக்கம் நகர்த்தினார்.

"கால் ஒடிஞ்சா அந்த இடத்துல என்ன இருக்கும், சார்?"

"அடிக்கட்டை நிக்கும்."

"பாருங்க."

முதல் நண்டில் அடிக்கட்டை இல்லை. இரண்டாவதிலும் இல்லை. ஏழாவதுக்கு வரும்போது அடுத்த மேசையில் சிரிப்பு அடங்கியிருந்தது. பதினொன்றாவதிலும் இல்லை.

"இந்த நண்டுக் குடும்பத்துக்கே கடைசி ஜோடி வெளிய தெரியாது," என்றார் பெனிட்டா. "அதை வச்சுத்தான் தனிக் குடும்பமாப் பிரிச்சாங்க. ஆய்வுக்குப் புதுசா ஒரு நண்டு வேணும்னு ரெண்டு வருஷமாத் தேடுறீங்களே, இதுதான் அது."

சற்குணம் முதல் நண்டை மறுபடி லென்ஸுக்கடியில் வைத்தார்.

"பிரகாசி ஒடிக்கலைன்னு சொன்னாங்க. அப்புறம்?" என்றார் பெனிட்டா.

"அப்புறம்... மன்னிப்புக் கேட்டுச்சு. கேட்டாங்க."

"எப்படிக் கேட்டாங்க? சொல்லிக் காட்டுங்க."

சற்குணம் எழுந்தார். இடுப்பு சாயவில்லை. மூக்கில் இழுப்பு வரவில்லை. இரண்டு தரம் தொண்டையைச் செருமினார்.

"கண்ணு சரியாத் தெரியல. நான்தான் ஒடிச்சிருப்பேன். மன்னிச்சிருங்க."

குரல் சற்குணத்துடையதாகவே இருந்தது.