மடி கொண்டு போன மாமன்மார்

கோவில்பட்டிக்குத் தெற்கே வெக்கைக்குளம் என்று ஓர் ஊர். தை மாசத்தில்கூட அங்கே மத்தியான வேளையில் செருப்பில்லாமல் ரோட்டில் நிற்க முடியாது. அந்த ஊரில் கொண்டல்சாமி, வெயிலுமுத்து, செவத்தையா என்று மூன்று அண்ணன் தம்பிகள் இருந்தார்கள். இவர்களுக்குப் பின்னால் பிறந்த தங்கச்சி முப்பிடாதி, வீட்டுக்கு வந்த மூளை மொத்தத்தையும் ஒருத்தியாக வாரிக்கொண்டு போய்விட்டாள். அண்ணன்மார் அதைப் பற்றிக் குறைப்பட்டுக்கொண்டதே இல்லை. குறைப்படுவதற்கும் கொஞ்சம் மூளை வேண்டுமே.

முப்பிடாதியின் புருஷன் கதிரேசனுக்கு இமயமலைப் பக்கம் ரோடு போடுகிற கம்பெனியில் வேலை. குடித்தனமும் அங்கேதான். பிள்ளைக்கு வயசு ஒன்று நிறைந்ததும், தையில் நாள் பார்த்து அங்கேயே காது குத்து என்று முடிவு செய்தார்கள். தாய்மாமன் மடியில் உட்காரவைத்துத்தான் பிள்ளைக்குக் காது குத்த வேண்டும். கதிரேசனின் அண்ணன், அதாவது முப்பிடாதிக்கு மூத்தார், வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கவில்லை.

"உன் அண்ணன்மார் இவ்வளவு தூரம் வந்து சேர்ந்த மாதிரிதான். சொந்த ஊர் பஸ் ஸ்டாண்டுக்கே வழி கேட்டுப் போற ஆளுங்க. பேசாம என் மச்சினன் மடியில வச்சிருவோம்" என்றார்.

முப்பிடாதிக்கு அது நெஞ்சில் தைத்துவிட்டது. "எங்க அண்ணன்மார் வருவாங்க. அவங்க மடியிலதான் என் பிள்ளை உட்காருவான்" என்று எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டு, ஊருக்குப் போன் போட்டு நடந்ததைச் சொன்னாள்.

வெக்கைக்குளத்தில் உடனே ஆலோசனை கூடியது. ரயிலில் போகலாம் என்று செவத்தையா சொன்னார். கொண்டல்சாமி அதை ஒரே பேச்சில் தள்ளிவிட்டார்.

"நாம கொண்டு போறது மடி. ரயில் கூட்டத்துல எவனாவது உட்கார்ந்துட்டான்னா என்னலே பண்ணுவ?"

செவத்தையா தன் மடியை ஒருதரம் தடவிப் பார்த்துக்கொண்டார். ஆகவே வீட்டில் நின்ற பழைய ஆம்னி வேனிலேயே, கொண்டல்சாமியின் பெண்சாதி தாயம்மாளையும் கூட்டிக்கொண்டு, குடும்பத்தோடு போவது என்று முடிவாயிற்று.

கதிரேசன் நல்ல மனுஷன். அவர் செய்த ஒரே தப்பு, இவர்களுக்குப் புத்தி சொன்னதுதான். போனில் நிறுத்தி நிதானமாகச் சொன்னார்.

"மச்சான், பனி ரோடு பொல்லாதது. சக்கரத்துக்குச் சங்கிலி போடணும். எஞ்சின் நல்லாச் சூடான பிறகுதான் வண்டியை எடுக்கணும். கம்பளி போட்டுக்கணும். ஓட்டுறப்ப போனைத் தொடக் கூடாது. எங்கேயாவது சிக்கிக்கிட்டா, யார் கூப்பிட்டாலும் இறங்காதீங்க. மீட்க ஆள் வர்ற வரைக்கும் வண்டிக்குள்ளேயே இருக்கணும். கிளம்புறதுக்கு முன்னால ஐஸ்ல ஒருதரம் ஓட்டிப் பழகிட்டா ரொம்ப நல்லது."

"ஐஸ்னா குச்சி ஐஸா, கப் ஐஸா?" என்று செவத்தையா கேட்டார்.

"வேன் ஏறணும்லா. பாளம் ஐஸ்தான்" என்றார் கொண்டல்சாமி. மூத்தவர் என்றால் சும்மாவா.

கிளம்புகிற நாள் காலையில் மீன் மார்க்கெட்டிலிருந்து மரத்தூள் போட்டு மூடிய ஐஸ் பாளங்கள் வந்து இறங்கின. அவற்றை வாசல் தெருவில் வரிசையாக அடுக்கி, மேலே வேனை ஏற்றி நிறுத்தினார்கள். மாட்டுச் சங்கிலியை முன் சக்கரத்தில் கோத்து மின்கம்பத்தோடு சேர்த்துப் பூட்டினார்கள். நாலு பேரும் கம்பளியைப் போர்த்தி, குரங்குக் குல்லாவை மாட்டிக்கொண்டு வண்டிக்குள் ஏறினார்கள். ஆம்னியில் எஞ்சின் ஸீட்டுக்கு அடியில்தான் இருக்கும். ஆகையால் சூடு பார்க்கிற பொறுப்பு வெயிலுமுத்துவின் பின்பக்கத்திடம் ஒப்படைக்கப்பட்டது.

"சூடாயிடுச்சாலே?"

"இல்லண்ணே. வெதுவெதுன்னுதான் இருக்கு."

வெயிலுமுத்து பொய் சொல்லவில்லை. ரெண்டு கம்பளி, ஒரு போர்வை தாண்டி அவருக்குச் சூடு வந்து சேர வேண்டியிருந்தது. அது வந்து சேருவதற்குள் வெளியே வெயில் ஏறி, ஐஸ் முழுக்கக் கரைந்து, கரிசல் மண்ணைக் களியாகக் கிண்டி வைத்துவிட்டது. அதற்குப் பிறகுதான் கொண்டல்சாமி ஆக்ஸிலேட்டரை மிதித்தார். முன் சக்கரத்தைச் சங்கிலி பிடித்துக்கொண்டது. பின் சக்கரம் இருந்த இடத்திலேயே சுழன்று சேற்றில் குழி தோண்டியது.

"பார்த்தியா, இம்மிகூட வழுக்கலையே. மாப்பிள்ளை சொன்னா சொன்னதுதான்" என்றார் கொண்டல்சாமி.

"ஐஸையும் காணோம்ணே" என்றார் செவத்தையா.

"நம்ம வண்டிக்குப் பயந்து ஓடிட்டு."

சோதனை வெற்றி என்று சங்கிலியைக் கழற்றி உள்ளே போட்டுக்கொண்டு புறப்பட்டார்கள். வண்டி முக்கியது, முனகியது, பாதி சக்கரம் வரைக்கும் புதைந்து நின்றது. உள்ளே எல்லார் முகமும் இறுகிவிட்டது.

"சிக்கிக்கிட்டோம்" என்றாள் தாயம்மாள்.

"யாரும் இறங்கப்படாது" என்றார் கொண்டல்சாமி.

எதிரே டீக்கடை போட்டிருக்கும் பால்சாமி ஓடி வந்து, ஆளுக்கொரு கை கொடுத்தால் தள்ளிவிடலாம் என்றார். கொண்டல்சாமி கண்ணாடியை அரை விரற்கடை இறக்கினார்.

"நீங்க மீட்க வந்த ஆளா?"

"நான் டீக்கடைய்யா. தினமும் பார்க்கீயளே."

"அப்ப வேண்டாம். மீட்க ஆள் வந்தா இங்க அனுப்புங்க. அதுவரைக்கும் நாலு டீ."

சாயங்காலம் முப்பிடாதி போன் பண்ணினாள். "எதுவரைக்கும் வந்திருக்கிய அண்ணே?"

"வழியில சிக்கிக்கிட்டோம் தாயி."

"அய்யோ. எங்க வச்சு?"

"நம்ம வீட்டு வாசல்ல வச்சு."

முப்பிடாதி இறங்கச் சொல்லிக் கெஞ்சினாள், அதட்டினாள், அழுதாள். யார் கூப்பிட்டாலும் இறங்கக் கூடாது என்று மாப்பிள்ளை அழுத்திச் சொல்லியிருந்ததால், கூடப்பிறந்தவள் அழுகிறாளே என்று பார்க்காமல் கல்நெஞ்சாக இருந்துவிட்டார்கள். இவர்களை நம்பிப் பிரயோஜனம் இல்லை, பிள்ளையை ஊருக்குத் தூக்கிக்கொண்டு போய் அங்கேயே காது குத்திவிடலாம் என்று முடிவு கட்டி, முப்பிடாதி புருஷனை லீவு போடவைத்து ரயிலேறினாள்.

அவள் வந்து சேருகிற வரைக்கும் இவர்கள் வண்டிக்குள்தான் இருந்தார்கள். மற்ற காரியத்துக்கெல்லாம் என்ன செய்தார்கள் என்று கேட்பீர்கள். அதைப் பற்றி ஒரு பொழுது முழுக்க விவாதம் நடந்தது. ஒற்றைக் காலை வண்டிக்குள் வைத்துக்கொண்டால் இறங்கியதாகக் கணக்கில்லை என்று ஆண்கள் தீர்மானித்துக்கொண்டார்கள். தாயம்மாள், தான் பிரயாணி இல்லை, சாமான் என்று அறிவித்துவிட்டு வீட்டுக்குள் போய் வந்தாள்.

முப்பிடாதி வந்து இறங்கியபோது வாசலில் குரங்குக் குல்லா போட்ட நாலு தலைகள் வரிசையாகத் தெரிந்தன. ஒரு வார்த்தை பேசினாலும் வாயில் கெட்ட வார்த்தைதான் வரும் என்று பயந்து, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு விறுவிறுவென்று உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். கதிரேசன் ஊருக்குள் ஒரு டிராக்டரைப் பிடித்து வந்து வேனை வெளியே இழுத்துப் போட்டார். டிராக்டரைத் திருப்பி விட்டுவிட்டு வருவதற்காகப் போனார்.

"மீட்டாச்சு" என்றார் வெயிலுமுத்து. "இப்ப என்னண்ணே செய்ய?"

கொண்டல்சாமி வீட்டுக் கதவைப் பார்த்தார். அவர் முகத்தில் கவலை படர்ந்தது.

"தங்கச்சியும் மாப்பிள்ளையும் இங்க வந்துட்டாங்க. விசேஷம் அங்க. வர்றவங்களை வாங்கன்னு கேட்க அங்க ஆளே இல்லையேலே. நாமதான் ஓடணும்."

எல்லாருக்கும் அது நியாயமாகப் பட்டது. ஓட்டும்போது தொடக் கூடாது என்பதற்காகப் போனை அணைத்து, புளியோதரைச் சட்டியின் அடியில் புதைத்தாள் தாயம்மாள். சத்தம் கேட்டு முப்பிடாதி வெளியே ஓடி வந்தபோது தெருவில் புழுதிதான் இருந்தது.

இமயமலைப் பனியை இவர்கள் எப்படிக் கடந்தார்கள் என்று எனக்குத் தெரியாது. பனிக்கே தெரிந்திருக்காது.

காது குத்து நாள் வந்தது. வெக்கைக்குளத்து வீட்டில் ஆசாரி ஊசியோடு உட்கார்ந்திருந்தார். பிள்ளையைக் குளிப்பாட்டிப் பட்டு கட்டியாயிற்று. கதிரேசனின் அண்ணன் இதற்கென்றே ஊருக்கு வந்து, தன் மச்சினனைப் புது வேட்டியில் சம்மணம் போட வைத்திருந்தார். முப்பிடாதி வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த நேரத்தில் போன் அடித்தது.

"தாயி, வந்து சேர்ந்துட்டோம்" என்றார் கொண்டல்சாமி. பல் கிடுகிடுக்கிற சத்தம் கேட்டது. "வண்டியில ஒரு கீறல் இல்ல. ஆனா விசேஷ வீடு பூட்டிக் கிடக்கு. ஈ காக்கா இல்ல."

"அண்ணே, நான் இங்கேல்லா இருக்கேன். பிள்ளை இங்கேல்லா இருக்கான். ஆசாரி வந்தாச்சு, நல்ல நேரம் முடியப் போகுது. யார் மடியிலண்ணே நான் இவனை வைப்பேன்?" என்று முப்பிடாதி எல்லார் முன்னாலும் அழுதுவிட்டாள்.

"அழாத தாயி. அண்ணன் இருக்கும்போது முறை தப்ப விட்டிருவேனா? எல்லாம் நல்லபடியா முடிஞ்சிட்டு."

"என்ன முடிஞ்சிட்டு?"

"காது குத்துதான். பிள்ளையைக் காணோம்னதும் செவத்தையாவைத் தூக்கி என் மடியில வச்சு, கடைத்தெருவுல ஓர் ஆளைப் பிடிச்சுக் குத்திட்டோம். உன் மதினி குலவை போட்டா. உன் மூத்தாருகிட்ட சொல்லிரு, மாமன் மடியிலதான் நடந்துச்சுன்னு."

முப்பிடாதி பிள்ளையின் காதைத் தொட்டுப் பார்த்தாள்.

"நீ ஒண்ணும் பதறாத" என்றார் கொண்டல்சாமி. "குத்துறப்ப கொஞ்சம் அழுதான். கடலை மிட்டாய் கொடுத்ததும் சரியாயிட்டான்."